'ரூல் அவுட்'னா என்ன மச்சி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. ஹாஸ்டல் மெஸ்ஸில் பூரிக் கியூ. ஒன்பது நாள் காய்ச்சலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வாய்க்கு ருசி தெரிய ஆரம்பிச்சு, தட்டோட போய் நின்னிருந்தேன். பாக்கெட்ல போன் 'டிங்'. காலையில் ரத்தம் கொடுத்துட்டு வந்த லேப்ல இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப்.

ஓப்பன் பண்ணினா, பாதி நம்பர் தடித்த எழுத்துல, பக்கத்துல அம்புக்குறியோட நிக்குது. வெள்ளை அணுக்கள் 12,600. மேல் அம்பு. லிம்போசைட் 58 சதவிகிதம். மேல் அம்பு. பிளேட்லெட் 41,000. கீழ் அம்பு. கடைசியில ஒரு வரி: 'அட்டிபிகல் லிம்போசைட்ஸ் 12 சதவிகிதம். லிம்போப்ரொலிஃபரேட்டிவ் டிஸார்டரை ரூல் அவுட் செய்ய ஹெமட்டாலஜி ஒபினியன் தேவை.'

பின்னாடி நின்ன என் ரூம்மேட் ஈரோட்டுக்காரன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தான். "ரூல் அவுட்னா என்னடா, இருக்குன்னு அர்த்தமா... இல்லைன்னு அர்த்தமா?" எனக்கும் தெரியலை. மூணு வருஷம் இன்ஜினீயரிங் இங்கிலீஷ்லதான் படிக்கிறோம். ஆனா, அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம பூரியைத் தட்டுல வாங்கிக்கிட்டு அப்படியே டேபிள்ல வெச்சுட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டருக்கு போன் அடிச்சா, 'திங்கட்கிழமை வாங்க'ன்னு கம்பவுண்டர் வெச்சுட்டார். லேப்புக்கு அடிச்சா, 'டாக்டர்கிட்டதான் கேட்கணும்'. அவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருத்தன் போனுக்கு இப்படி ஒரு வரியை அனுப்பிட்டு, திங்கட்கிழமை வரைக்கும் அவனைத் தனியா விட்டுடுறது எந்த ஊர் நியாயம்னு இப்ப வரைக்கும் எனக்குப் புரியலை.

தனியா விடப்பட்டவன் என்ன செய்வான்? தேடுவான்!

'லிம்போப்ரொலிஃபரேட்டிவ்'னு தட்டினா முதல் பக்கத்துலயே லுக்கேமியா, லிம்போமா. ரெண்டும் ரத்தப் புற்றுநோய் குடும்பம். 'பிளேட்லெட் 41,000'னு தட்டினா டெங்கு வருது, அதுக்குக் கீழயே லுக்கேமியா வருது. சாட்பாட்கிட்ட கேட்டா, பதினாலு காரணம் பட்டியல் போட்டு, 'கவலைப்பட வேண்டாம், ஆனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்'னு முடிச்சுது. இந்த 'ஆனால்' இருக்கே... அதுலதான் தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு ஈறு, நாக்கு, கண்ணுன்னு ஒவ்வொண்ணா செக் பண்றேன். கையில ஏதாச்சும் சிவப்புப் புள்ளி இருக்கான்னு போன் டார்ச் அடிச்சுத் தேடறேன். கொசுக்கடி எது, ரத்தக்கசிவு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

தாடைக்குக் கீழ கை வெச்சப்பதான் அது தட்டுப்பட்டுச்சு. கட்டி. வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. புளியங்கொட்டை சைஸ்.

அன்னைக்கு ராத்திரி நான் போட்ட கணக்கெல்லாம் சொன்னா சிரிப்பீங்க. அப்பாவுக்கு சங்கரன்கோவில்ல விசைத்தறி வேலை. எனக்கு வாங்கின கல்விக் கடன் இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கட்ட ஆரம்பிக்கணும். நான் இல்லைன்னா அந்தக் கடனை யார் கட்டுவாங்க, தள்ளுபடி ஆகுமா... இதைத் தேடினேன் பாஸ், நிஜமா. நம்ம பழைய சினிமாவுல ஹீரோ கர்ச்சீப்பை வாயில வெச்சு இருமுவார், எடுத்துப் பார்த்தா ரத்தம், அடுத்த சீன்ல ஹீரோயினை வேற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துட்டு பாட்டு பாடுவார். ப்ளட் கேன்சர்னா எங்க தலைமுறைக்கும் அதுதான் தெரியும், டி.வி. புண்ணியத்துல. எனக்குக் கட்டிக் கொடுக்க ஹீரோயினும் இல்லைங்கிறது தனி சோகம்.

சனிக்கிழமை காலையில அம்மா போன். "ஏய்யா, காய்ச்சல் விட்டுட்டா? ரத்தம் எடுத்தியே, என்னன்னு சொன்னாவ?" நான் சொன்ன பதில்: "நார்மல்மா." பொய் சொல்லும்போது அந்தக் கட்டி மேலதான் கை இருந்துச்சு.

மெஸ் அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு பப்பாளி இலையை அரைச்சு ஒரு டம்ளர் கொண்டுவந்தார். பக்கத்து ரூம் சீனியர் நிலவேம்புக் கஷாயம். அன்பா கொடுத்ததால ரெண்டையும் குடிச்சேன். கசப்புல ரெண்டுக்கும் நடுவுல போட்டிதான். நம்பருக்கு ஏதாச்சும் ஆச்சான்னா... அதை அப்புறம் சொல்றேன், அந்த நம்பரே ஒரு பெரிய கதை.

திங்கட்கிழமை

ரத்தவியல் டாக்டர் கோவையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். ரிப்போர்ட்டை நீட்டினா வாங்கி, படிக்காம கவுத்து வெச்சார். "முதல்ல நீ சொல்லு தம்பி."

எத்தனை நாள் காய்ச்சல், தொண்டை வலிச்சுதா, எடை குறைஞ்சுதா, ராத்திரியில சட்டை நனையற அளவுக்கு வேர்க்குதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா, எலும்புக்குள்ள வலிக்குதா, அடி படாமலே உடம்புல நீலமா கன்னிப்போகுதா... கேட்டுக்கிட்டே வந்தார். தொண்டை வலி மட்டும் பயங்கரமா இருந்துச்சு, எச்சில் முழுங்க முடியலைன்னேன். மத்ததுக்கெல்லாம் இல்லை. அப்புறம் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறுன்னு அமுக்கிப் பார்த்தார். கட்டி மேல விரல் வெச்சு, "வலிக்குதா?"

"வலிக்குது சார்."

"நல்லது!"

வலிக்குதுன்னு சொன்னதுக்கு 'நல்லது'ன்னு ஒரு ஆள் சொல்லிக் கேட்டது அன்னைக்குத்தான். கிருமியோட சண்டை போடும்போது நெறிக்கட்டி சட்டுன்னு வீங்கும், தொட்டா வலிக்கும். புற்றுநோயில வர்ற கட்டி பெரும்பாலும் வலிக்காது. கல்லு மாதிரியோ ரப்பர் மாதிரியோ இருந்துகிட்டு வாரக் கணக்குல பெருசாகிட்டே போகும். "இதை மட்டும் வெச்சு முடிவு கட்ட மாட்டோம். ஆனா, இது ஒரு ஓட்டு" என்றார்.

அப்பதான் என் ரூம்மேட் கேட்டான், "சார்... இந்த ரூல் அவுட்னா?"

டாக்டர் சிரிச்சுட்டார். "வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடுவோம். 'கேஸை அணைச்சோமா'ன்னு ஒரு சந்தேகம். திரும்பி வந்து பார்த்துட்டுப் போவோம்ல? அதான் ரூல் அவுட். வீடு எரியுதுன்னு யாரும் சொல்லலை."

வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்த பி.டி.எஃப்-ல இதை ஒரு வரி எழுதியிருந்தா எனக்கு மூணு ராத்திரி மிச்சம்!

மறுபடி ரத்தம் எடுத்தாங்க. இந்தத் தடவை ரெண்டு ட்யூப். ஒண்ணு வழக்கமான ஊதா மூடி, இன்னொண்ணு நீல மூடி. கூடவே ஒரு கண்ணாடித் துண்டுல சொட்டு ரத்தத்தை இழுத்துத் தடவி சாயம் ஏத்தினாங்க. இதுக்கு பெரிஃபெரல் ஸ்மியர்னு பேர். மெஷின் எண்ணினதை ஒரு மனுஷன் கண்ணால பார்த்துச் சரிபார்க்கிற வேலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு டாக்டர் கூப்பிட்டு, "லுக்கேமியா செல் எதுவும் இல்லை. இருக்கிறதெல்லாம் வைரஸோட சண்டை போட்டுக்கிட்டிருக்கிற நல்ல லிம்போசைட். உன் பிளேட்லெட் 41,000-மும் இல்லை. 1.32 லட்சம்" என்றார்.

ஒரே ஆள், ஒரே கை, ஒரே ரத்தம். எப்படி 41,000 திடீர்னு 1.32 லட்சம் ஆகும்? எனக்குள்ள இருந்த ஈ.சி.இ. பையன் அப்பதான் மூணு நாள் கழிச்சு முழிச்சான்.

மெஷின் எப்படி எண்ணுது?

இந்தக் கட்டுரைக்காக ரெண்டு வாரம் முன்னாடி அதே லேபுக்குத் திரும்பப் போனேன். பேத்தாலஜி மேடம் ஒரு மதியம் முழுக்க எனக்காக ஒதுக்கினாங்க.

ரத்த அணுவை எண்ணுற மெஷினைக் கண்டுபிடிச்சது டாக்டர் இல்லை மக்களே, நம்ம ஆளு! வாலஸ் கோல்ட்டர்னு ஒரு அமெரிக்க எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். ஜார்ஜியா டெக்ல படிப்பை முடிக்காம வெளிய வந்தவர் (அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்கவும்). அதுவரைக்கும் லேப்ல ஒருத்தர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வெச்சு, கட்டம் போட்ட கண்ணாடி மேல அணுக்களை ஒவ்வொண்ணா எண்ணணும். கோல்ட்டர் யோசிச்சது ரொம்ப சிம்பிள். உப்புத் தண்ணி கரன்ட்டைக் கடத்தும், ரத்த அணு அவ்வளவா கடத்தாது. உப்புத் தண்ணியில ரத்தத்தைக் கலந்து ஒரு குட்டித் துளை வழியா ஓடவிட்டு, அந்தத் துளை வழியா கரன்ட்டும் பாய்ச்சினா, ஒவ்வொரு அணு கடக்கும்போதும் ரெசிஸ்டன்ஸ் ஒரு நொடி எகிறும். ஒரு பல்ஸ். பல்ஸை எண்ணினா அணு எத்தனைன்னு தெரியும். பல்ஸோட உயரத்தைப் பார்த்தா அணு எவ்வளவு பெருசுன்னு தெரியும். முதல் துளையை சிகரெட் பாக்கெட்டைச் சுத்தியிருக்கிற செலோஃபேன் தாள்ல சூடான ஊசியால போட்டாருன்னு சொல்வாங்க. 1953-ல பேட்டன்ட் கிடைச்சது. இன்னைக்கும் நிறைய லேப் மெஷினுக்குள்ள ஓடுறது அதே ஐடியாதான். செகண்ட் இயர்ல ஓம்ஸ் லா எதுக்குன்னு கேட்டோமே... இதுக்குத்தான்.

இப்ப என் பிளேட்லெட்டுக்கு வருவோம். பிளேட்லெட் குட்டியா இருக்கும், ரெண்டு மூணு மைக்ரான். சிவப்பணு ஏழு, எட்டு மைக்ரான். மெஷினுக்கு 'சின்ன பல்ஸ்னா பிளேட்லெட்'னு சொல்லி வெச்சிருக்காங்க. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க ஈ.டி.டி.ஏ.ங்கிற உப்பு போட்டிருப்பாங்க. சில பேரோட ரத்தத்துல இந்த உப்பு பட்டதும் பிளேட்லெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்பிடிச்சுக்கிட்டு கொத்துக் கொத்தா நிக்கும். உடம்புக்குள்ள அப்படி எதுவும் நடக்காது, ட்யூப்புக்குள்ள மட்டும்தான். பத்து பிளேட்லெட் கொத்தா போனா மெஷினுக்கு அது ஒரே பெரிய பல்ஸ். பிளேட்லெட் கணக்குல சேராது. சில சமயம் அதையே வெள்ளை அணுன்னு எண்ணிடும். அங்க குறைவு, இங்க அதிகம்... ரெண்டு அம்பும் ஒரே தப்புல இருந்து வரலாம்!

நீல மூடி ட்யூப்ல ஈ.டி.டி.ஏ.வுக்குப் பதிலா சிட்ரேட். அதுல எண்ணினா 1.2 லட்சம். சிட்ரேட் கரைசல் கொஞ்சம் ரத்தத்தை நீர்த்துப்போக வெக்கும்கிறதால 1.1-ஆல பெருக்கணும். 1.32 லட்சம். இயல்பு 1.5 லட்சத்துக்கு மேல. அதனால எனக்கு நிஜமாவே கொஞ்சம் குறைவுதான், அது வைரஸ் வேலை. மிச்சம் முழுக்க ட்யூப் வேலை. பப்பாளி இலைக்கு இதுல பங்கு எதுவும் இல்லைங்கிறதை மெஸ் அண்ணன்கிட்ட நான் இன்னும் சொல்லலை, நீங்களும் சொல்லாதீங்க.

மேடம் என்னை மைக்ராஸ்கோப்புல உட்கார வெச்சாங்க. இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவுல, ஊதா உட்கருவோட ஒரு பெரிய செல். அதோட விளிம்பு பக்கத்துல இருக்கிற சிவப்பணு மேல சாய்ஞ்சு, பஸ்ல தூங்கி விழுற ஆள் மாதிரி நெளிஞ்சு கிடக்கு. "இதுதான் உன்னைப் பயமுறுத்தின அட்டிபிகல் லிம்போசைட். உன்னோடது இல்லை, இன்னைக்கு வந்த வேற ஒரு காய்ச்சல் பையனோடது. அவனும் இன்னேரம் தேடிக்கிட்டிருப்பான்" என்றாங்க. அட்டிபிகல்னா 'வழக்கமா இல்லாதது', அவ்வளவுதான். புற்றுநோய் செல்லுன்னு அர்த்தம் இல்லை. இந்தக் குழப்பத்தாலேயே பல லேப்ல இப்ப 'ரியாக்டிவ்'னு எழுதறாங்களாம். "லுக்கேமியாவுல வர்ற பிளாஸ்ட் வேற. அது எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு போலவே இருக்கும். உன்னோடதுல ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. வெரைட்டி இருந்தா எங்களுக்கு நிம்மதி."

முத்த வியாதி!

எனக்கு வந்தது எப்ஸ்டைன்-பார் வைரஸ். ஆன்ட்டிபாடி டெஸ்ட்ல உறுதியாச்சு. அந்த வியாதிக்கு இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்னு வாயில நுழையாத பேர். எச்சில் மூலமா பரவுறதால செல்லமா 'கிஸ்ஸிங் டிசீஸ்'. இதை டாக்டர் சொன்ன நொடியில ஈரோட்டுக்காரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "தண்ணி பாட்டில்டா டேய்... ஒரே பாட்டில்ல பத்து பேர் குடிக்கிறோம்"னு நான் கத்தினது ஓ.பி. முழுக்கக் கேட்டிருக்கும்.

உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவிகிதத்துக்கு மேல எப்பவோ ஒரு தடவை இந்த வைரஸ் தொற்றியிருக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் சின்னப் பிள்ளையிலேயே வந்துடும், அப்ப சாதாரண சளி மாதிரி போயிடும். அப்ப தப்பிச்சவங்களுக்குக் காலேஜ் வயசுல வந்தாதான் இந்த ஆட்டம் ஆடும். 1920-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில ஸ்ப்ரன்ட், எவான்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் ஆறு இளைஞர்களைப் பத்தி எழுதினாங்க. காய்ச்சல், கழுத்துல கட்டி, ரத்தத்துல விசித்திர செல்கள். லுக்கேமியா மாதிரியே இருக்கு, ஆனா ஆறு பேரும் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிட்டாங்க! இந்த வியாதிக்குப் பேர் வெச்சது அந்தக் கட்டுரைதான். அதாவது, என் வயசுப் பசங்க இப்படி லுக்கேமியான்னு பயந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னொரு வேடிக்கை... இந்த வைரஸை 1964-ல முதன்முதலா கண்டுபிடிச்சது, ஒரு லிம்போமா கட்டியில இருந்து வளர்த்த செல்களுக்குள்ளதான்.

மருந்து? ஓய்வு, தண்ணி, காய்ச்சலுக்கு பாரசிட்டமால். 'ஒரு மாசம் கபடி, கிரிக்கெட் எதுவும் கூடாது'ன்னு மட்டும் கண்டிப்பா சொன்னார். இதுல மண்ணீரல் வீங்கும், அடி பட்டா கிழிஞ்சுடும். ஆக, ப்ளட் கேன்சருக்கு பயந்துகிட்டிருந்த நான், நிஜமா பயப்பட வேண்டியது பக்கத்து டீம் பவுலருக்கு!

ஒரு கணக்கு

மேடம் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. 'நார்மல் ரேஞ்ச்'னு ரிப்போர்ட் ஓரத்துல போடுறாங்களே, அது எப்படி வந்துச்சு? ஆரோக்கியமான ஆட்கள் நிறைய பேரை எடுத்து டெஸ்ட் பண்ணி, நடுவுல இருக்கிற 95 சதவிகிதத்தை மட்டும் வெச்சுக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் வெட்டிடுவாங்க. அதாவது, நல்லா இருக்கிறவங்கள்லயே நூத்துக்கு அஞ்சு பேர் 'அப்நார்மல்'! 60 பேர் இருக்கிற எங்க கிளாஸ்ல ஒரே ஒரு டெஸ்ட் எடுத்தா சராசரியா மூணு பேருக்கு அம்புக்குறி விழும்.

இப்ப மாஸ்டர் ஹெல்த் செக்கப்னு 20 அளவு பார்க்கறாங்கன்னு வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத அளவுகள்னு வெச்சுக்கிட்டா, இருபதும் நார்மலா வர்ற வாய்ப்பு 0.95-ஐ இருபது தடவை பெருக்கினா வர்றது. கால்குலேட்டர் எடுங்க... 0.358. ஆக, முழு ஆரோக்கியமான ஆளுக்கும் எங்கயாவது ஒரு அம்பு விழ 64 சதவிகித வாய்ப்பு. நிஜத்துல ரத்த அளவுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும், அதனால நம்பர் இவ்வளவு துல்லியமா வராது. ஆனா, எம்-3 ப்ராபபிலிட்டி பேப்பரை இப்படி நடத்தியிருந்தா எனக்கு அரியர் விழுந்திருக்காது.

டாக்டருங்க பார்க்கிறது ஒத்தை அம்பை இல்லை. எவ்வளவு தூரம் விலகியிருக்கு, எத்தனை வகை அணுவுல கோளாறு, போன மாசம் எவ்வளவு, ஆள் எப்படி இருக்கார்... இதைத்தான். ஹீமோகுளோபின் மட்டும் குறைஞ்சா நம்ம நாட்டுல முதல்ல தேடறது இரும்புச் சத்தை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. லேடீஸ் ஹாஸ்டல்ல காலைச் சாப்பாட்டைத் தாண்டிக் குதிச்சு ஒன்பது மணி கிளாஸுக்கு ஓடுற தோழிகளே, அந்த 57-ல நீங்க இருக்கீங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அதுக்கு லுக்கேமியா பயம் வேண்டாம், ஆனா சும்மா விடவும் வேண்டாம்.

நிஜமாவே வந்தவர்

இவ்வளவையும் எழுதிட்டு 'எல்லாம் வெறும் பயம்தான்'னு முடிச்சா அது பொய். ஏன்னா, எங்க காலேஜ்லயே ஒருத்தருக்கு நிஜமா வந்துச்சு.

மூணு வருஷ சீனியர். பேர் போட வேண்டாம்னுட்டார். ஃபைனல் இயர்ல கேம்பஸ்ல செலக்ட் ஆகி, வேலையில சேர்றதுக்கு முன்னாடி கம்பெனி எடுக்கச் சொன்ன மெடிக்கல் டெஸ்ட்ல வெள்ளை அணு 1,62,000. 11,000-க்குள்ள இருக்க வேண்டியது! "லேப்ல இருந்து போன் பண்ணி, 'ஒரு சைபர் கூடுதலா விழுந்திருக்கும், மறுபடி வாங்க'ன்னாங்க. மறுபடியும் அதேதான்" என்றார் என்கிட்ட. காய்ச்சல் இல்லை, ரத்தம் கசியலை. ஒரே ஒரு அறிகுறி, அதுவும் பின்னாடி யோசிச்சப்பதான் புரிஞ்சுது. "நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடும். மெஸ் சாப்பாடு அப்படின்னு நினைச்சேன். மண்ணீரல் பெருசாகி இரைப்பையை அமுக்கிக்கிட்டு இருந்திருக்கு."

அவருக்கு சி.எம்.எல்.னு சொல்ற நாள்பட்ட வகை லுக்கேமியா. எலும்பு மஜ்ஜை செல்லுல 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு துண்டை மாத்திக்கிட்டு ஒட்டிக்கும். அந்த ஒட்டுல பிறக்கிற புரதம், 'வளரு, வளரு'ன்னு விடாம சிக்னல் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கிட்ட மோட்டார் மாதிரி. இமாட்டினிப்ங்கிற மாத்திரை அந்த ஸ்விட்ச்சை மட்டும் தேடிப்போய் அடைக்குது. 2001-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து. அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்களுக்கு சில வருஷத்துல முத்திப்போற வியாதியா இருந்தது, இன்னைக்கு மாத்திரை ஒழுங்கா வேலை செய்றவங்களுக்குக் கிட்டத்தட்ட மத்தவங்க அளவுக்கே ஆயுள்.

சீனியர் தினமும் ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு மாத்திரை போடுறார். குறிப்பிட்ட இடைவெளியில ஒரு ரத்த டெஸ்ட். வேலையில சேர்றது ஆறு மாசம் தள்ளிப்போச்சு, சேர்ந்துட்டார். "மத்தபடி என்னண்ணே பிரச்னை?"ன்னு கேட்டேன். "கால்ல அடிக்கடி சுளுக்கு பிடிக்கும். அப்புறம், பொண்ணு பார்க்கும்போது சொல்லணுமா வேணாமான்னு வீட்டுல தினம் ஒரு சண்டை. நான் சொல்லிடணும்ங்கிறேன். அம்மா அழறாங்க." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. டீயைக் குடிச்சு முடிச்சோம்.

அவர் போடுற மாத்திரைக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கு. நோவார்ட்டிஸ் கம்பெனி இந்த மருந்தோட ஒரு வடிவத்துக்கு 1998-ல சென்னை பேட்டன்ட் ஆபீஸ்லதான் விண்ணப்பிச்சது. 2006-ல ஆபீஸ் நிராகரிச்சுது. 2007-ல மெட்ராஸ் ஹைகோர்ட், கம்பெனி எதிர்த்த சட்டப்பிரிவு செல்லும்னு சொல்லுச்சு. 2013 ஏப்ரல் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கம்பெனியோட மனுவைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. அப்ப கம்பெனி மருந்து மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல, இந்தியக் கம்பெனிகள் தயாரிச்சது பத்தாயிரத்துக்குள்ள. அந்த ஒரு தீர்ப்பு வேற மாதிரி வந்திருந்தா, சீனியர் மாதிரி எத்தனை பேர் பாதியில நிறுத்தியிருப்பாங்களோ.

இன்னும் பழைய ஆள் ஒருத்தர் இருக்கார். எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல ஆந்திரா பீமவரத்துல பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். கதர் கவுன் போட்டதுக்காக வெள்ளைக்காரப் பேராசிரியர் கடுப்பாகி, எம்.பி.பி.எஸ்-ஸுக்குப் பதிலா அதைவிடக் குறைஞ்ச எல்.எம்.எஸ். சர்டிஃபிகேட்டோட வெளிய வந்தார். அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வுக்கூடத்துல இவரோட குழு தயாரிச்ச அமினோப்டெரின் மருந்தைத்தான், பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் லுக்கேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை கைவிட்டிருந்த குழந்தைகள் கொஞ்ச மாசத்துக்காவது எழுந்து விளையாடினாங்க. 1948-ல அந்த முடிவு வெளியாச்சு. அதே வருஷம் சுப்பாராவ் இறந்துட்டார். அந்த மருந்தோட தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்னைக்கும் குழந்தைகளுக்கு வர்ற லுக்கேமியா சிகிச்சையில இருக்கு. அந்த வகை லுக்கேமியாவுல வசதியான நாடுகள்ல இப்ப பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறாங்க. சர்ட்டிஃபிகேட்டைக் குறைச்சுக் கொடுத்த பேராசிரியரை யாருக்காவது ஞாபகம் இருக்கா?

எப்ப ஓடணும்னு டாக்டர்கிட்ட நேரடியாவே கேட்டேன். "ரெண்டு வாரத்துக்கு மேல காரணம் தெரியாத காய்ச்சல். அடி படாம நீலத் தழும்பு, கால்ல ஊசி முனை மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஈறுல, மூக்குல நிக்காத ரத்தம். டயட் இல்லாமலே எடை இறங்குறது. வலிக்காத கட்டி பெருசாகிட்டே போறது. மாடி ஏறினா மூச்சு வாங்குற சோர்வு. இதுல ஒண்ணு இருந்து, ரிப்போர்ட்லயும் அம்பு இருந்தா அன்னைக்கே வா. அம்பு மட்டும் இருந்தா பதறாம வா. ஆனா வா. வராம ரூம்ல உட்கார்ந்து தேடாதே" என்றார்.

மூணு வாரம் கழிச்சு எனக்கு மறுபடி டெஸ்ட். வெள்ளை அணு 7,200. லிம்போசைட் 38 சதவிகிதம். கட்டி கரைஞ்சு போச்சு. பிளேட்லெட் ஊதா ட்யூப்ல 58,000, நீல ட்யூப்ல 2.1 லட்சம். ஆமா, கொத்து சேர்ற பழக்கம் என் ரத்தத்துக்கு அப்படியேதான் இருக்கு. இனி எந்த லேபுக்குப் போனாலும் 'சிட்ரேட் ட்யூப்ல எண்ணுங்க'ன்னு நானே சொல்லணும். டாக்டர் ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தார். பர்ஸ்ல, ஹாஸ்டல் ஐ.டி. கார்டு பின்னாடி இருக்கு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அடுப்புல முறுக்கு வெந்துகிட்டிருந்துச்சு. சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. கரண்டியைக் கீழ வெச்சுட்டு என் தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் விரலை வெச்சு அமுக்கிப் பார்த்தாங்க, ஏதோ அவங்களும் ரத்தவியல் படிச்ச மாதிரி.

"நார்மல்னு சொன்னியேல அன்னைக்கு."

"ஆமாம்மா."

"டாக்டர், டெஸ்ட்டு... இதுக்கெல்லாம் ரூவா ஏது?"

"ரூம்மேட் கொடுத்தான். ரெண்டாயிரத்து முந்நூறு."

"திருப்பிக் குடுத்தியா?"

"இன்னும் இல்லை."

அப்பா பக்கம் திரும்பி, "கேட்டியளா, இவன் லெட்சணத்தை"ன்னுட்டு, எரிச்சட்டியில இருந்து எடுத்த முறுக்கை எண்ணெய் வடிய வடிய ஒரு பெரிய டின்ல தனியா அடுக்க ஆரம்பிச்சாங்க. மூடி மேல பேனாவால எழுதச் சொன்னாங்க: ஈரோட்டுத் தம்பிக்கு.